'டி'யில் இருந்தால் பத்திரம்

அத்தியாயம் 17

தாக் சங்மான் போன வியாழக்கிழமை வீட்டுக் கணினியிலிருந்து விண்டோஸைக் கழற்றி எறிந்துவிட்டு லினக்ஸைக் குடிவைத்ததும், அந்தப் பெருமையில் தெருமுனைக் கடையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு கேக் வாங்கிவந்து மெழுகுவத்தி ஏற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஐம்பத்துநாலு வயது மனிதர் ஒரு பழைய கணினிக்குப் பிறந்தநாள் கொண்டாடினால் வீட்டில் இருப்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மனைவி ஹேரான் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். அந்த இருமலோடுதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

இன்று செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு விசாரணைக் குழு.

பதினாலு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவளுக்கு நுரையீரலில் வந்திருக்கும் நோய், அங்கே குடித்த எண்ணெய்ப் புகையால் வந்ததா இல்லையா என்று ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்யும் நாள். வேலையால் வந்தது என்று அவர்கள் சொல்லிவிட்டால் அறுவைச் சிகிச்சையிலிருந்து எல்லாம் அரசின் பொறுப்பு. இல்லை என்றால் ஹேரானின் உடம்பு, ஹேரானின் பாடு.

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. ஆபீசுக்கு லீவு போட்டிருந்த மகள் சோல்பி, சூப்பு குடித்த கரண்டியையே நீட்டி அதிகாரி மாதிரி விசாரித்தாள்.

"வறுக்கிற நாள்ல எத்தன பேருக்குச் சமைப்பீங்க?"

"தொள்ளாயிரம். டொங்காசு கறி பொரிக்கிற அன்னிக்கு ஒரு பிள்ளையும் லீவு எடுக்காது."

"புகைபோக்கி ஓடிச்சா?"

"ஓடுற மாதிரி சத்தம் போடும். இழுக்காது. ஸ்கூல் ஆபீஸ்ரூமுக்குப் போட்டோ எடுத்து எடுத்து அனுப்பிச்சேன்."

"நோய் இருக்குன்னு உங்களுக்கு முதல்ல எப்பத் தெரிஞ்சது?"

"போன டிசம்பர்ல. டாக்டர் சொன்னப்ப."

"அதுக்கு முன்னாடி எதுவும் தெரியாதா?"

"ஃபார்ம்லதான் எழுதியிருக்கே. எத்தன தடவடி கேப்ப?"

ஹேரான் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கிண்ணத்தை மறுபடியும் கழுவினாள். சங்மான் அதைப் பார்த்தார். பதற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

"சோல்பி அப்பா, அந்தப் போட்டோவெல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்திடுங்க. 'டி'ல 'சமையல்கட்டு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும்."

"'டி'லயா?"

"ஆமா, 'டி'லதான். போன் நிறைஞ்சப்பல்லாம் அதுக்குத்தான் மாத்தினேன். 'டி'ல போட்டா சாகுற வரைக்கும் பத்திரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான். அவர் மட்டுமா சொன்னார்? பூசான் நகரில் கணினி பழுது பார்க்கும் எந்தக் கடைக்காரனும் இருபது வருடமாக அதையேதான் சொல்கிறான். ஒரே ஹார்ட் டிஸ்க்கை இரண்டாக வகுந்து 'சி' என்றும் 'டி' என்றும் பெயர் வைத்துக் கொடுப்பான். வைரஸ் வந்ததா, 'சி'யை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவான். 'டி'யைத் தொடமாட்டான். கல்யாணப் படமும் வீட்டுப் பத்திரமும் 'டி'யில் இருக்கும். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது.

சங்மான் அறைக்குப் போய்க் கணினியைப் போட்டார். லினக்ஸ் சமர்த்தாக எழுந்து வந்தது. அவருக்கு இன்னமும் அதைப் பார்த்தால் வாய் கொள்ளாத சந்தோஷம். கப்பல் உதிரிப்பாகக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வரைபடம் போட்டவரை 'விருப்ப ஓய்வு' என்று அழகாகப் பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு கிடைத்த தற்காலிக வேலையும் போய், இப்போது ஐந்து மாதமாக சோம்யன் பகுதிப் பயிற்சி நிலையத்தில் அரசாங்கச் செலவில் நிரல் எழுதப் படிக்கிறார். வகுப்பில் மற்ற எல்லோரும் அவர் பிள்ளை வயதுக்காரர்கள். அக்டோபரோடு பழைய விண்டோஸுக்கு ஆதரவு நின்றபோது, இந்தக் கிழட்டுக் கணினி புதிய விண்டோஸைத் தாங்காது என்று தெரிந்ததும், "வாங்க வேண்டாம், நானே மாத்துறேன்" என்று மார்தட்டியவர் அவர்தான்.

ஃபோல்டர்களைத் திறந்தார். 'டி' இல்லை. வேறு பெயரில் இருக்கும் என்று தேடினார். டெர்மினலைத் திறந்து, வகுப்பில் படித்த கட்டளையை அடித்து, டிஸ்க்கின் பிரிவுகளைப் பட்டியல் போடச் சொன்னார். ஒரே பிரிவு. ஐந்நூறு ஜிபியும் ஒரே துண்டு.

வியாழக்கிழமை அந்த நிறுவல் திரையில் ஒரு வரி கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவட்டுமா என்று கேட்டது. அழிப்பதென்றால் 'சி'யைத்தானே அழிக்கும்? எந்தக் காலத்திலும் அப்படித்தானே? சந்தோஷமாகச் 'சரி' என்று அமுக்கினார். லினக்ஸுக்கு 'சி'யும் தெரியாது, 'டி'யும் தெரியாது. முழுவதும் என்றால் அதற்கு முழுவதும்தான்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பயிற்சி நிலைய ஆசிரியை ஹ்வாங்கைப் போனில் பிடித்தார். முப்பது வயதுப் பெண். வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"தாக் சார், கிளாஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள சந்தேகமா?"

அவர் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

"சார், அந்த மெஷின் இப்ப ஆன்லயா இருக்கு?"

"ஆமாம்மா."

"பிளக்கப் புடுங்குங்க. மொதல்ல அதப் பண்ணுங்க."

பிடுங்கினார்.

"அழிச்ச உடனே எல்லாம் போயிடாது சார். இந்த எடம் காலின்னு மட்டும் அது குறிச்சு வச்சுக்கும். அதுமேல நாம புதுசா எழுத எழுதத்தான் பழசு போகும். வியாழக்கெழமைக்கு அப்புறம் அத ஓட்டுனீங்களா?"

"தினமும்... நீங்க குடுத்த பயிற்சியெல்லாம் அதுலதான் போட்டேன். அப்டேட்டு, இலவசமா கெடைக்கிற மென்பொருளு, பாட வீடியோ... எல்லாம் எறக்கி வச்சேன்."

"எவ்வளவு?"

"நெறையம்மா."

ஹ்வாங் பெருமூச்சு விட்டது கேட்டது. "அந்த நிறுவின பென் டிரைவ் இருக்கில்ல? டிஸ்க்கத் தொடாம அதுலேர்ந்து மெஷினக் கெளப்புங்க. மீட்டெடுக்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு, பேர அனுப்புறேன். கெடைக்கிறதெல்லாம் வெளி டிஸ்க்ல சேமிங்க. பேரு, ஃபோல்டரு எதுவும் வராது, வெறும் படமா வரும். அதுவும் வந்தா வரும் சார். என்னால வேற என்ன சொல்ல முடியும்?"

ஐந்து நாளாக அவர் ஆசை ஆசையாகப் போட்ட ஒவ்வொரு பயிற்சியும் மனைவியின் பதினாலு வருடத்துக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. கெட்டிக்கார மாணவன் என்று கைதட்டு வாங்கிய பயிற்சிகள்.

மறைக்க முடியுமா? ஒரு நிமிடம் அந்த யோசனையும் வந்தது. வெளியே வந்தார். ஹேரான் கண்ணாடி முன்னால் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சோல்பி அம்மா... 'டி' இல்ல."

"இல்லன்னா?"

"நான் அழிச்சுட்டேன். தெரியாம. அன்னிக்கு மாத்தினப்ப."

"எல்லாமா?"

"எல்லாம்."

முதலில் வெடித்தது சோல்பிதான். "என்னப்பா சொல்றீங்க? சாட்ல அனுப்புன படமெல்லாம் எப்பவோ காலாவதியாயிடுச்சு. பழைய போனு மூணும் இல்ல. ஆபீஸ்ரூம்ல கேட்டா 'அப்படி ஒண்ணும் வரல'ங்கிறாங்க. அந்த ஒரே எடத்துலதான்பா இருந்துச்சு! கேக்கு வேற வாங்கிட்டு வந்தீங்களேப்பா!"

கேக்கைச் சொன்னதும் அவருக்கு உயிரே போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஹேரான் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழுத்துத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வாயால சொன்னா நம்புவாங்களாடி?" என்று மகளைக் கேட்டாள்.

சோல்பி கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

"நான் திருப்பி எடுக்கப் பாக்குறேன்," என்றார் சங்மான். "நீங்க கெளம்புற வரைக்கும் நேரம் இருக்கு. அப்புறமும் நான் இங்கயே உக்காந்து பாக்குறேன்."

"நீங்க வர மாட்டீங்களா?" அவள் குரல் சின்னதாக இருந்தது. பிறகு அவளே சொன்னாள், "வேண்டாம். நீங்க இங்கயே இருங்க. அங்க வந்து மட்டும் என்ன பண்ணப் போறீங்க?"

சோல்பியின் வெளி டிஸ்க்கை வாங்கிச் செருகி, பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, ஹ்வாங் அனுப்பிய புரோகிராமை ஓடவிட்டார். திரையின் மூலையில் ஒரு எண் ஏறத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஒன்பதரை. பத்தேகால். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பல்கள் அதது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன. பதினொன்றரை.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். அப்போதும் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஹேரான் அறைக்குள் வந்து, ஒரு தட்டில் கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் துண்டுகளை அடுக்கி விசைப்பலகை பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடாம உக்காந்திடாதீங்க."

இவள் ஏன் இன்னும் சாப்பாடு போடுகிறாள் என்று அவருக்கு அழுகை வந்தது. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் அவள் இருமிக்கொண்டே இறங்கினாள். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். அதுவும் கேட்டது.

பன்னிரண்டு நாற்பதுக்கு மீட்பு முடிந்தது. அறுபத்தோராயிரம் படங்கள்.

ஒரு நொடி துள்ளிக் குதித்தார். திறந்து பார்த்ததும் அடங்கினார். எந்தப் படத்துக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். இணையத்தில் என்றைக்கோ பார்த்த பக்கங்களின் விளம்பரம், நாடக நடிகர்களின் முகம், பொத்தான் அளவு சின்னச் சின்னப் பொம்மைகள், பாதிக்குமேல் சாம்பல் நிறமாகிப் போனவை. இந்தக் குப்பைமேட்டில் ஹேரானின் சமையலறை எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் புத்தாண்டு வந்துவிடும். கையில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதியும் நேரமும் ஒளிந்திருக்கும் என்று போன மாதம் வகுப்பில் சொன்னார்கள். விளம்பரப் படத்தில் அது இருக்காது.

சங்மான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து மாதத்தில் அவர் எழுதியதெல்லாம் பயிற்சிதான். பெருக்கல் வாய்ப்பாடு அச்சடிப்பது, ஒற்றைப்படை எண்ணைக் கண்டுபிடிப்பது. யாருக்கும் உபயோகப்படாது. இப்போது முதல்முறையாக வேலைக்கு ஆகிற ஒன்றை எழுத வேண்டும். ஃபோல்டரிலுள்ள ஒவ்வொரு படத்தையும் எடு. உள்ளே தேதி இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்தத் தேதியையே பெயராக வைத்து, அந்த வருடத்தின் ஃபோல்டரில் போடு. இல்லாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. சொல்லும்போது இவ்வளவுதான்.

எழுதினார். ஓட்டினார். மூன்றாவது வரியில் ஒரு முக்காற்புள்ளியை விட்டிருந்தார், நின்றுவிட்டது. போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார். இருபதாவது படத்தில் நின்றது. உடைந்த படத்தைத் திறக்கத் தெரியாமல் திணறியது. ஹ்வாங்குக்குப் போன் போட்டால் வகுப்பில் இருக்கிறாள், எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நோட்டைப் புரட்டி, உடைந்தது வந்தால் தாண்டிப் போகிற வழியைத் தேடி எழுதிச் சேர்த்தார். கிம்பாப் அப்படியே இருந்தது.

ஒன்று முப்பத்தொன்றுக்கு மூன்றாவது முறை ஓட்டினார். இம்முறை நிற்கவில்லை. அடேயப்பா, என்ன வேகம்! ஐந்து நிமிடத்தில் அறுபத்தோராயிரத்தையும் சலித்து முடித்தது.

வருட வாரியாக எண்ணிக்கையைப் பார்த்தார். முதல் ஏழு வருடம் ஒன்றுமே இல்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் நாலு. இருபத்திரண்டில் பதினொன்று. இருபத்துமூன்றில் முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

பதினாலு வருடத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

போன் அடித்தது. சோல்பி.

"அப்பா, ஏதாவது கெடைச்சுதா? அம்மாவ உள்ள கூப்பிடப் போறாங்க. முன்னாடி ஆளு சீக்கிரம் முடிஞ்சுடுச்சு."

"கெடைச்சிருக்கு! இருபத்துமூணுதான் நெறைய இருக்கு. நான் பாத்துப் பொறுக்கி—"

"பொறுக்கல்லாம் நேரமில்லப்பா! இங்க கவுன்டர்ல இருக்கிறவங்க நேரா அவங்க மின்னஞ்சலுக்கே அனுப்பச் சொல்றாங்க. வந்த உடனே குழுவுக்குத் திரையில போட்டுடுவாங்களாம். முகவரி அனுப்பிட்டேன். மொத்தமா அனுப்புங்க!"

முதல் மூன்று படத்தைத் திறந்தார். இருந்தது! அடுப்புக்கு மேலே வெள்ளைப் புகை, அதற்குள் ரப்பர் பூட்ஸும் நீல ஏப்ரனுமாக ஆளே மங்கலாகத் தெரியும் ஹேரானின் தோழி, மேலே வாய் பிளந்து நிற்கும் புகைபோக்கி. ஒவ்வொன்றின் பெயரும் தேதியும் நேரமுமாக அழகாக நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இருபத்துமூன்றின் ஃபோல்டரை மொத்தமாகக் கட்டி, முகவரியைப் போட்டு, அனுப்பினார்.

'வந்துடுச்சுப்பா! போட்டுட்டாங்க! அம்மா உள்ள போயிட்டா' என்று சோல்பியிடமிருந்து செய்தி வந்தது. கூடவே கட்டைவிரல் படம்.

காலையிலிருந்து முதல்முறையாக அவர் முதுகைச் சாய்த்தார். ஒரு கிம்பாப் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மீதிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புகை. எண்ணெய்ச் சட்டி. புகை. கழுவும் தொட்டி. பதினேழாவது படம் சமையலறையில் எடுத்தது இல்லை.

அல்லது, சமையலறைதான். ஆனால் இவர்கள் வீட்டுச் சமையலறை. ரைஸ் குக்கரின் மூடிமேல் ஒரு ஆஸ்பத்திரித் தாள். தேதி இருக்கும் மேல் விளிம்பு மடிந்திருந்தது. மீதியைப் படிக்க முடிந்தது. வலது நுரையீரலில் நிழல். மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனைக்குக் கட்டாயம் வரவும். பக்கத்தில் மீன் கடையின் மஞ்சள் பை கால்வாசி தெரிந்தது.

படத்தின் பெயர், 2023, மார்ச் 9, மாலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம்.

அந்த மஞ்சள் பையை அவருக்குத் தெரியும். அந்த நாளையும் தெரியும். கம்பெனியிலிருந்து தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்த நாள். வாசலிலேயே நின்றவரை ஹேரான் உள்ளே இழுத்துவந்து, "நல்லதாப் போச்சு, வாங்க" என்று மீன் வாங்கிவந்து, பச்சையாகவே துண்டு போட்டுத் தட்டில் வைத்து, சோஜூ மது ஊற்றிக் கொடுத்தாள். "இவ்வளவு நாள் கோடு போட்டீங்க, இனிமே கம்ப்யூட்டர் படிங்க" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்ததை நினைத்துத்தான் அவர் இந்த இரண்டரை வருடத்தை ஓட்டினார்.

அவள் சமையலறையில் மீனை அறுத்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தாளைப் படம் பிடித்துவிட்டு, தட்டோடு வெளியே வந்திருக்கிறாள். பிறகு அதையும் 'டி'யில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

மூன்று மாதத்தில் போனாளா? போகவில்லை. அவருக்கு வேலை இல்லாத வீட்டிலிருந்து தானும் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. போன டிசம்பரில் இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் போனாள்.

கையில் எடுத்த அடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. ஃபார்மில் அவள் எழுதியிருப்பது போன டிசம்பர். குழுவின் திரையில் இருப்பது இது. ஒன்றில் பொய் சொன்னவள் என்றால் மற்றதையும் நம்பமாட்டார்கள். இவர் அனுப்பியது. இந்த முறையும் பார்க்காமல் அமுக்கியது.

ஹேரானுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டார். அந்த மின்னஞ்சலைத் திருப்பி இழுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. மறுபடி போட்டார்.

சோல்பியின் அழைப்பு வந்தது. அவள் கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"அப்பா, கதவு கொஞ்சம் தெறந்திருக்கு. உள்ள ஏதோ ஒரு படத்த நிறுத்தி வச்சுக்கிட்டு, இது எந்தத் தேதின்னு அம்மாகிட்ட திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க. அம்மா வாயே தொறக்க மாட்டேங்குறா. தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. என்ன படம்ப்பா அது?"

அவர் பதினேழாவது படத்தை மூடினார்.

"அப்பா? கவுன்டர்ல இருக்கிறவங்க வந்து கேக்குறாங்க. படத்தோட பேர்ல இருக்கிற தேதி எப்படி வந்துச்சுன்னு. எங்கப்பா எழுதுன புரோகிராம்தான் போட்டுச்சுன்னு சொன்னேன். அது தப்பாப் போட்டிருக்குமான்னு கேக்குறாங்க." அவள் குரல் உடைந்தது. "தப்பாப் போட்டிருக்கும்னு சொல்லட்டுமாப்பா? நீங்க இப்பத்தானே படிக்கிறீங்க. தப்பு வர்றது சகஜம்தானே? சொன்னா நம்புவாங்கப்பா. சொல்லட்டுமா?"

படத்துக்குள்ளும் அதே தேதிதான் இருக்கிறது. விவரம் தெரிந்த யாராவது திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்ப்பார்களா, மாட்டார்களா?

"உங்ககிட்டயே பேசணுமாம். குடுக்குறேன், இருங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. அதற்கு அப்பால், எங்கோ உள்ளே, ஹேரான் இருமினாள்.

"வணக்கம்," என்றது அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் குரல். "தாக் சங்மான் சார்தானே? உங்க புரோகிராம்ல தப்பு இருக்கா சார்?"

சங்மான் திரையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் உருப்படியாக எழுதிய முதல் நிரல் பதினெட்டு வரி. அதில் ஒரு பிழையும் இல்லை.